றோட்டுக்கு அங்கால ஒரு சீதன வீடு

றோட்டு ஒரு ஊரைப் பிரிக்குமா பிரிக்காதா என்ற வழக்கை எங்கள் ஊரார் ஒரு குமர்ப்பிள்ளையின் கலியாணத்தில் வைத்துத்தான் பேசினார்கள். கோயிற் பொறுப்பைப் பார்க்கும் வண்ணக்கர், றோட்டு வேலை பார்த்துப் பென்சன் எடுத்த ஓவசியர், வாயுள்ள இன்னும் நாலு பேர் என்று எல்லாரும் அன்று தொண்டை காயப் பேசினார்கள். பிள்ளையின் தாய் அன்னப்பூரணியக்கா மட்டும் அதிகம் பேசவில்லை. நான் அவரைப் பற்றித்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் தங்களைப் பற்றித் தாங்களே வேண்டிய அளவு சொல்லிக்கொள்வார்கள்.

நான் மண்டூர்க்காரி. மருத்துவிச்சி உத்தியோகத்தில் மாற்றலாகி இத்தியடித்துறைக்கு வந்தவள். ஊரிலே சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் நான் மிஸி. பிறகு காம்ப் போட்ட ஆமிக்காரனுக்கும் மிஸிதான். அந்த ஒரு பேரை வைத்துக்கொண்டு, மற்றவர்கள் கடக்க முடியாத நேரத்திலும் நான் சில தடவை றோட்டைக் கடந்திருக்கிறேன். அதனால் இரண்டு பக்கத்துக் கதையும் எனக்குத் தெரியும். இரண்டு பக்கத்திலும் எனக்குக் கோபமும் உண்டு.

கடலுக்கும் வாவிக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கிற ஊர் எங்களுடையது. வாவியை இங்கே ஆறு என்றுதான் சொல்வார்கள். ஊருக்கு நடுவால் கல்முனைக்குப் போகிற பெரிய றோட்டு. கிழக்கே கடற்பக்கம், கோயில், பள்ளிக்கூடம், கடை எல்லாம் அங்கே. மேற்கே ஆற்றுப்பக்கம், தோணித்துறையும் தோட்டங்களும் நல்ல தண்ணீர்க் கிணறுகளும். நான் வந்த புதிதில் அந்த றோட்டை ஒருவரும் ஒரு பொருட்டாகவே எடுக்கவில்லை. பஸ் வராத நேரத்தில் அதில் நெல் காயும். இந்தப் பக்கத்துப் பெண் அந்தப் பக்கத்துப் பெண்ணிடம் வேலிக்கு மேலால் கறிக்கு என்ன என்று கேட்பாள்.

தொண்ணூறில் சண்டை தொடங்கிய பிறகு றோட்டோரத்தில் காம்ப் வந்தது. அடுத்த வருசம் றோட்டின் இரண்டு பக்கத்தையும் வெட்டி வெளியாக்கச் சொன்னார்கள். மறைந்திருந்து சுட இடம் இருக்கக் கூடாதாம். தென்னை, மா, வேலி, மதில் எல்லாம் போயின. றோட்டோரத்து வீடுகளும் போயின. ஒரு பக்கத்தில் நின்று கூப்பிட்டால் மறுபக்கத்துக்குக் கேட்காத அளவுக்கு வெறும் மணல் வெட்டை விழுந்தது. கடப்பதென்றால் ஆமி காவல் நிற்கிற சென்றியடியில் ஐடென்ரிகாட்டைக் காட்டித்தான் கடக்க வேண்டும். காலையில் அவர்கள் கண்ணிவெடி தேடி நடந்து முடிக்கும் வரைக்கும் கடக்க முடியாது. இருட்டிய பிறகும் முடியாது. ஆமி லொறிகள் வரிசையாகப் போகிற கொன்வோய் வந்தால் பகலிலும் முடியாது.

அன்னப்பூரணியக்காவின் வீடு ஆற்றங்கரையோடு இருந்ததால் தப்பியது. ஓட்டு வீடு. இரண்டு அறை, முன்னால் ஒரு விறாந்தை, பின்னால் தனியாகக் குசினி. அவருக்கு அவருடைய தாய் சீதனமாகக் கொடுத்த வளவு. சண்டை தொடங்கிய அந்த வருசம் வயலுக்கென்று தோணியேறி ஆற்றின் மறுகரையான படுவான்கரைக்குப் போன புருசன் திரும்பி வரவில்லை. எங்கே, எப்படி என்று கடைசி வரைக்கும் ஒருவரும் சொல்லவில்லை. மிச்சமிருந்தது ஒரே மகள் தங்கமலர்.

வெளியூர் ஆட்களுக்கு இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளைதான் தன் உடுப்பைக் கட்டிக்கொண்டு பெண் வீட்டுக்கு வந்து குடியிருக்க வேண்டும். கலியாணத்தன்றே தாய் தகப்பன் பெரிய வீட்டை மகளுக்கு விட்டுவிட்டு, வளவுக்குள்ளேயே ஒரு கொட்டிலுக்கு மாறிவிடுவார்கள். அதில் துக்கம் ஒன்றும் இல்லை. மகள் பெரிய வீட்டில் பிள்ளை பெறுவாள். தாய் கொட்டிலில் இருந்துகொண்டு அதட்டுவாள். பொம்பிளைப் பிள்ளை பிறந்தால் இங்கே ஒருவர் முகமும் சுருங்காது. மருத்துவிச்சி நான் சொல்கிறேன், நம்பலாம்.

தங்கமலரைக் கேட்டு வந்தவர்கள் கடற்பக்கத்து வினாயகமூர்த்தி வண்ணக்கர் வீட்டார். மகன் யோகராசாவுக்கும் தங்கமலருக்கும் ரியூசன் காலத்திலிருந்தே ஒரு பார்வை இருந்தது. அது ஊருக்கே தெரியும், தகப்பன்காரருக்குத்தான் கடைசியாகத் தெரிந்தது. எல்லாம் பேசி முடிந்து, வீடு என்ற இடத்தில் வந்து நின்றது. கோயில் முன்றலில் கூட்டம் கூடினார்கள்.

"பொண்ணுல ஒரு குறையும் நான் சொல்லல்ல" என்றார் வண்ணக்கர். "வீடு ஊருக்குள்ள இல்லையே, அதுதான்."

ஓவசியர் நல்லரத்தினத்துக்கு ரோசம் வந்துவிட்டது. "என்ன கதை இது? இந்த றோட்டுக்குத் தார் ஊத்தினவன் நான். றோட்டு ஊரச் சேக்கிற சாமான். அது எப்பிடி வண்ணக்கர் ஊரப் பிரிக்கும்?"

"மட்டக்களப்பையும் கல்முனையையும் சேத்திருக்கும், ஓவசியர். ஒங்கட வீட்டையும் இவட வீட்டையும் சேக்கல்லையே."

பிரித்தது றோட்டில்லை, வெட்டிய வெட்டை என்றார் ஒருவர். வெட்டையும் இல்லை, காம்ப் என்று மெல்லச் சொன்னார் இன்னொருவர். சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். அம்மன் ஊர் சுற்றும்போது முன்னெல்லாம் ஆற்றுப்பக்கமும் போகும், ஆகவே அதுவும் ஊர்தான் என்று ஒருவர் ஆதாரம் காட்டினார். இப்போது போகிறதில்லையே என்று மற்றவர் மடக்கினார். ஊரைப் பிரிக்கிறது எது என்று இவர்கள் அலசிக்கொண்டிருந்த அழகைப் பார்த்தால், பிரிந்து போனதில் ஒருவருக்கும் கவலை இல்லை, காரணம் பிழைத்துவிடக் கூடாது என்பதுதான் கவலை போல இருந்தது.

வண்ணக்கர் கெட்ட மனிதரில்லை. அவர் கடைசியில் சொன்னதில் நியாயமும் இருந்தது. "அங்கால இருந்த ஆக்கள் ஒவ்வொருத்தரா இஞ்சால வாறாங்க. நான் என்ட மகன அங்கால அனுப்புறதா? ராவைக்கு ஒரு நெஞ்சுக்குத்து எண்டா ஆர் தூக்கிற்று வாற?" அது எனக்குத் தெரிந்த நியாயம். நோவெடுத்த பெண்ணொன்றைச் சென்றியடியில் வைத்துக்கொண்டு, றோட்டுத் திறக்கும் வரைக்கும் அவள் கையைப் பிடித்தபடி நின்றவள் நான்.

அன்னப்பூரணியக்காவைக் கேட்டார்கள். அவர் எழும்பி நின்றார். "எனக்கு றோட்டுக் கதை தெரியா. நான் குடுக்கிற வீடு அங்கதான் இரிக்கி. அதத் தூக்கிற்று வர ஏலா."

பிறகு ஓவசியர்தான் ஒரு வழி சொன்னார். கலியாணப் பந்தல் மாப்பிள்ளை வீட்டில் இருக்கட்டும். ஆட்கள் கடந்து போய்வரச் சிரமம். ஆனால் கலத்தில் போடுகிற சோறு தாய் வீட்டு அடுப்பில் ஆக்கினதாக வரட்டும். பின்னேரம் பெண்ணும் மாப்பிள்ளையும் தாய் வீட்டுக்குப் போகட்டும். அங்கேயே இருக்கட்டும், நிலைமை மோசமானால் மட்டும் கடற்பக்கம் வரட்டும். வண்ணக்கர் தலையாட்டினார். அன்னப்பூரணியக்காவும் தலையாட்டினார். எல்லாருக்கும் வெற்றி என்று எல்லாரும் வெற்றிலை போட்டார்கள். பெண் வீட்டில் நடக்க வேண்டிய கலியாணம் மாப்பிள்ளை வீட்டில் நடந்தால், பிறகு யார் யாரைப் போய்க் கூப்பிட வேண்டும் என்பதை ஒருவரும் கேட்கவில்லை. அப்படி ஒரு கலியாணம் எங்கள் ஊரில் அதற்கு முன் நடந்ததில்லை.

கலத்தில் போடுவது என்றால், பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரே கலத்தில் சோறு தின்பது. எங்கள் பழைய ஆட்களுக்குத் தாலியை விட அதுதான் கலியாணம்.

தங்கமலரை முதல் நாளே கடற்பக்கத்து உறவுக்காரர் வீட்டுக்கு அனுப்பியாயிற்று. கலியாணத்தன்று காலையில் றோட்டுத் திறந்தவுடன் நான் ஆற்றுப்பக்கம் போனேன். அக்கா தன் பாய், தலகணி, தகரப் பெட்டி எல்லாவற்றையும் குசினிக்கு மாற்றியிருந்தார். பெரிய வீடு கழுவித் துடைத்துக் கிடந்தது. அறையில் புதுப் பாய். "இனி இது மகள்ட வீடு. பாத்து நடவுங்க மிஸி, ஈரம்" என்றார். அவர் அப்படிச் சந்தோசமாகப் பேசி நான் கேட்டது புருசன் போன பிறகு அன்றைக்குத்தான்.

சோற்றுப் பானையை வெள்ளைத் துணியால் கட்டி இருவரும் மாறி மாறித் தூக்கிக்கொண்டு வந்தோம். சென்றியடியில் மறித்துவிட்டார்கள். "மிஸி, இப்ப ஏலா. கொன்வோய்" என்றான் காவல் நின்ற ஆமிப் பொடியன். நான் சிரித்துப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். அவன் தன் பெரியவனைக் கண்ணால் காட்டிவிட்டு மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டான். லொறிகள் வரத் தொடங்கின. ஒன்றன்பின் ஒன்றாகப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயின. வெட்டிய தென்னங்குற்றி ஒன்றில் அக்கா பானையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். லொறிச் சத்தம் ஓய்கிற போதெல்லாம் அங்காலே மேளம் கேட்டது. நல்ல நேரம் எப்போது முடிகிறது என்று அவருக்குத் தெரியும். மேளம் உச்சத்தில் அடித்து நின்றபோது அவர் என்னைப் பார்த்தார்.

"ஆர்ட சோத்தப் போட்டிருப்பாங்க மிஸி?"

"அவங்கட வீட்டுச் சோறுதான் அக்கா. வேற என்ன செய்யிற."

அவர் அழவில்லை. எனக்குத்தான் ஆத்திரத்தில் கண் கலங்கியது.

வெயில் சாய்ந்த பிறகு றோட்டைத் திறந்தார்கள். நான் எழும்பி, "வாங்க அக்கா" என்றேன். அவர் அசையவில்லை.

"நான் போகப்படாது. சம்பந்திமார் வந்து கூப்பிடாம, பொண்ணுட தாய் போய் அவங்கட வாசல்ல நிக்கிறதா? புள்ளைகளக் கூட்டிற்று அவங்க வரட்டும். பேசினது அப்பிடித்தானே."

சரி, நானே போகிறேன் என்று வெட்டையால் வேகமாக நடந்தேன். பந்தலில் சாப்பாடு முடிந்து ஆட்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். விசயத்தைச் சொன்னேன். வண்ணக்கரின் பெண்சாதி முகத்தைச் சுளித்தார். "அவவல்லோ வரோணும் மிஸி. கலியாணம் நடந்தது இஞ்ச. பொண்ணுட தாய் வந்து கையப் புடிச்சுக் கூட்டிற்றுப் போகாம, நாங்களா கொண்டுபோய் விடுறது? நாளைக்கு ஊர் என்ன சொல்லும், மகனத் தள்ளி விட்டாங்க எண்டெல்லோ சொல்லும்."

நான் திரும்பவும் இந்தப் பக்கம் வந்தேன். அக்கா அதையே சொன்னார். திரும்பவும் அந்தப் பக்கம் போனேன். சென்றிப் பொடியன் என்னைக் கணக்கெடுக்கிறதையே விட்டுவிட்டான். தங்கமலரைத் தனியே கூப்பிட்டு, "நீ எழும்பி வா புள்ள, கொம்மா குற்றியில இரிக்கா" என்றேன். கூறைச் சேலையின் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே நின்றாள். "அம்மாவ வரச் சொல்லுங்க மிஸி. முதல் நாளே நான் என்னெண்டு ஒரு கதை சொல்ற?" யோகராசா தகப்பனைப் பார்த்தான். தகப்பன் மணிக்கூட்டைப் பார்த்தார். இரண்டு பக்கமும் மரியாதை பார்த்துக்கொண்டிருக்க, அவர்களுக்கு நடுவில் றோட்டு ஒரு தடையும் இல்லாமல் திறந்து கிடந்தது. நாய் ஒன்று அதை ஆறுதலாகக் கடந்து போனதையும் நான் பார்த்தேன். பிறகு இருட்டத் தொடங்கியது, தடையைப் போட்டுவிட்டார்கள்.

அதன்பின் மாப்பிள்ளை ஆற்றுப்பக்கம் குடிவரவில்லை. நாளைக்கு, கிழமை கழிய, நிலைமை பார்த்து என்று இழுத்துக்கொண்டே போனது. நிலைமை நல்லதாகவில்லை என்பதும் உண்மைதான். தங்கமலர் இடைக்கிடை பகலில் வருவாள். விறாந்தையில் காலைத் தொங்கப்போட்டு இருப்பாள். சென்றியில் மறித்துவிடுவான் என்று சொல்லிக்கொண்டு வந்த வேகத்தில் திரும்புவாள். தலைப்பிள்ளை கடற்பக்கத்தில் மாமி வீட்டில்தான் பிறந்தது. நான்தான் பிள்ளைப்பேறு பார்த்தேன். பெண் குழந்தை. பிள்ளை பிறந்த முப்பத்தோராம் நாள் சடங்கான முப்பத்தொண்டுக்கு அக்கா மானத்தை விட்டுக் கடந்து போனார். அவருக்குக் கதிரை போட்டு, சோடா உடைத்துக் கொடுத்தார்கள். பெற்ற தாய்க்குப் பிள்ளை வீட்டில் கதிரையும் சோடாவும். அவர் அதை வாங்கிக் குடித்துவிட்டு வந்தார்.

ஆற்றுப்பக்கத்தில் மிச்சமிருந்த குடும்பங்களும் போய்விட்டன. கடைசியில் அவர் ஒருவர்தான். ஓட்டு வீடு பூட்டிக் கிடக்க, அவர் பின்னால் குசினியில் இருந்தார். குசினி என்றால் கிடுகு வேய்ந்த கொட்டில். மாரியில் ஒழுகும். ஆற்றிலிருந்து அடிக்கிற காற்றில் அடுப்பு அணையும். இருமிக்கொண்டு கிடந்த ஒரு மாரியில் நான் மருந்தோடு போய் நன்றாக ஏசினேன்.

"பைத்தியமா அக்கா ஒங்களுக்கு? ஓட்டு வீட்டப் பூட்டி வெச்சிற்று நனையிறீங்க. உள்ளுக்குப் போய்ப் படுத்தா என்ன?"

"அது குடுத்த வீடு மிஸி."

"குடுத்தவ வரல்லையே."

அவர் கொஞ்ச நேரம் அடுப்பை ஊதினார். "நான் உள்ளுக்குப் படுத்தா, அவ வரமாட்டா எண்டு நானே சொன்ன மாதிரி" என்றார்.

அதற்குப் பிறகு நான் அந்தக் கதையை எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் வீட்டைத் திறந்து கூட்டி, சுவாமிப் படத்துக்கு விளக்கு வைப்பார். ஆளில்லாத வீடென்றால் எடுத்துக்கொள்வோம் என்று ஒருநாள் காம்பிலிருந்து வந்து கேட்டிருக்கிறார்கள். ஆள் இருக்கிறது, மகளும் மருமகனும் கடைக்குப் போயிருக்கிறார்கள் என்று சொல்லியிருக்கிறார். எனக்கு அதைச் சொன்னபோது, ஒரு பொய் சொன்ன வெட்கம் அவர் முகத்தில் இல்லை. அவரே அதை நம்பியிருப்பார் என்று நினைக்கிறேன். யாராவது மகளைப் பற்றிக் கேட்டால், "என்ன செய்யிற, இந்த நாசமாப் போன றோட்டு" என்பார். யாரும் அதற்கு மேல் கேட்பதில்லை. நானும் சேர்ந்து றோட்டைத் திட்டுவேன். எங்கள் இருவருக்கும் அது ஒரு பழக்கமாகிவிட்டது.

இரண்டாயிரத்து இரண்டில் சமாதானம் என்றார்கள். சென்றியில் தடையை எடுத்தார்கள். பகலென்ன இரவென்ன, யாரும் கேட்பாரில்லாமல் போய் வந்தார்கள். ஓவசியர் நல்லரத்தினம் பொல்லை ஊன்றிக்கொண்டு றோட்டு நடுவில் நின்று, "நான் அண்டைக்கே சொன்னன்தானே, றோட்டு பிரிக்கிற சாமான் இல்ல எண்டு" என்று போகிற வருகிற எல்லாருக்கும் சொன்னார். அக்கா வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தார். கிணற்றை இறைத்தார். புதுப் பாய் வாங்கினார். பழைய புதுப் பாய் விரிக்காமலே உக்கிப் போயிருந்தது. மகளும் மருமகனும் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அந்தக் கிழமை முழுக்க அவர் நடந்த நடை எனக்கே களைப்பாக இருந்தது.

ஞாயிறு எனக்குக் கல்லடியில் ஒரு அலுவல். திங்கட்கிழமை காலையில் கிளினிக்குக்குப் போகிற வழியில் சைக்கிளை இந்தப் பக்கம் திருப்பினேன். சந்தோசமான வீட்டைப் பார்க்கிற ஆசை. அக்கா வளவு வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வீடு திறந்து கிடந்தது. உள்ளே ஒருவரும் இல்லை.

"வந்தவங்களா அக்கா?"

"வந்தவங்க. மத்தியானம் சாப்பிட்டாங்க. சின்னவள் கிணத்தடியில நல்லா விளையாடினாள்."

"எப்ப குடிவாறாங்களாம்?"

அவர் என்னை உள்ளே கூப்பிடவில்லை. நின்றபடியே சொன்னார். கடற்பக்கத்தில் அவர்கள் கல்வீடு கட்டிவிட்டார்களாம். அது மூத்த பிள்ளைக்குச் சீதனமாம். பள்ளிக்கூடம், கடை, எல்லாம் அங்கே கிட்டவாம். மருமகன் ஒன்றும் பேசவில்லை, நல்ல பிள்ளை. மகள்தான் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாளாம்: "அம்மா, இனி நீங்க குசினியில கிடந்து நனைய வேணாம். பெரிய வீட்டுக்குள்ளயே இருங்க. எங்களுக்கு இது தேவைப்படாது."

"நல்ல மனசோடதான் சொன்னவள் மிஸி" என்றார் அக்கா. "எனக்கு ஏசக்கூட ஒண்டும் வைக்கல்ல."

பழைய வழக்கத்தில் எனக்கு வாய் வந்துவிட்டது. "எல்லாம் இந்த நாசமாப் போன றோட்டால வந்த வினை அக்கா."

அவர் வெட்டைக்கு அங்கால் பார்த்தார். கல்முனை பஸ் ஒன்று ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தது. இறங்கிய இரண்டு பெண்கள் கதைத்துக்கொண்டே குறுக்கே நடந்து போனார்கள்.

"அதத் தொறந்திட்டாங்க மிஸி" என்றார். "இத்தன வரிசமும் அதத் திட்டித் திட்டித்தான் இருந்தன். இனி நான் ஆரத் திட்டுற?"

சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு அவருக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.